குரலுக்குள் வெட்டாதே என்னும் மூடநம்பிக்கை

வீட்டில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டுகிறவர்களிடம் ஒரு வேதவாக்கு உலவுகிறது: "கிராஸ்ஓவர் குரலுக்குள்ள விழவே கூடாது. 500-க்கு இறக்கிடு." போன வாரம் சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் மறுபடியும் அதைக் கேட்டேன். பதினைந்து அங்குல வூஃபர், பெட்டியின் தலைமேல் பத்து அங்குல வாயுள்ள ஹார்ன், கீழ் ஒலிகளை வூஃபருக்கும் மேல் ஒலிகளை ஹார்னுக்கும் பிரித்துவிடும் கிராஸ்ஓவர் வெட்டு 500 ஹெர்ட்ஸில். நாகஸ்வரம் போட்டார். காருகுறிச்சியாரின் வாசிப்பு காதைக் கிழித்தது. "ஹார்ன்னா கொஞ்சம் கத்தத்தான் சார் செய்யும், பழகிடும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஹார்ன் தானாகக் கத்தவில்லை. அதைக் கத்த வைத்திருக்கிறார்கள்.

500-இல் வெட்டினால் குரல் தப்பித்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஆணின் பேச்சுக்குரலுக்கு அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, பெண்ணுக்கு 200-ஐ ஒட்டி. 'ஆ'வையும் 'ஈ'யையும் பிரித்துக் காட்டும் ஒலிகள் 300-லிருந்து 3,000 வரை விரவிக் கிடக்கின்றன. 'ஸ்' என்ற சீறல் 5,000-ஐத் தாண்டுகிறது. இதில் 500 எந்த வகையில் குரலுக்கு வெளியே? நட்டநடுவில் அல்லவா இருக்கிறது! குரலைத் தொடாமல் வெட்ட வேண்டுமென்றால் 80-க்குக் கீழே போக வேண்டும். எந்த ஹார்னை வைத்துக்கொண்டு போவீர்கள்?

1981-இல் ஜேபிஎல் நிறுவனம் 4430 என்ற ஸ்டுடியோ மானிட்டரைக் கொண்டுவந்தது. அதிலும் பதினைந்து அங்குல வூஃபர்தான், மேலே ஒரு ஹார்ன்தான். வெட்டு எங்கே? 1,000 ஹெர்ட்ஸில். குரலின் மடியில். பாடகர்களின் குரலைப் பதிவு செய்கிற கூடங்களில், அந்தக் குரலை எடைபோடுவதற்காகவே வைக்கப்பட்ட பெட்டி அது. ஏன் 1,000? அந்த அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். பதினைந்து அங்குலக் கூம்பின் பயனுள்ள விட்டமும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த இடத்தில் வூஃபரின் ஒலி குவிந்து சுமார் 100 டிகிரிக்குள் வருகிறது. ஹார்னும் 100 டிகிரிக்கே விரிகிறது. இரண்டும் அறைக்குள் ஒரே அகலத்தில் ஒலியை அனுப்புகிற இடத்தில் கைமாற்றினார்கள். கைமாறியதே காதுக்குத் தெரியாது. குரலைப் பற்றிய பயம் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

நண்பரின் ஹார்னுக்கு வருவோம். 4430-இன் ஹார்ன் வடிவமைப்பில் பெரும் பங்குள்ள டான் கீல் ஓர் எளிய வாய்பாடு தந்திருக்கிறார். ஹார்ன் வாயின் அகலத்தை அங்குலத்திலும் விரிகோணத்தை டிகிரியிலும் எடுத்துப் பெருக்குங்கள். வந்ததைக் கொண்டு பத்து லட்சத்தை வகுங்கள். கிடைக்கும் ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹார்னுக்கு ஒலியின் திசைமேல் பிடி கிடையாது. பத்து அங்குலம், 90 டிகிரி என்றால் 1,100 ஹெர்ட்ஸ் சொச்சம். 500 கேட்டால் வாய் 22 அங்குலம் இருக்க வேண்டும். உடனே "ஆல்டெக்காரன் 500-இல் வெட்டினானே" என்று வருவார்கள். வெட்டினான். ஆல்டெக் நிறுவனம் அப்படி வெட்டிய 511 ஹார்னின் அகலம் 23 அங்குலத்துக்கு மேல், ஐயா! அதே ஆல்டெக் சிறிய 811 ஹார்னை 800-இல் வெட்டியதை ஏன் சொல்வதில்லை?

ஹார்னின் தொண்டையில் உட்கார்ந்து ஒலியை எழுப்பும் டிரைவர் படும் பாடு வேறு. அதே சத்தத்துக்கு அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் டிரைவரின் அதிர்தகடு குறைந்தது இரண்டு மடங்கு தூரம் ஆட வேண்டும். சின்ன டிரைவர்களில் அதற்கு முன்னால் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. போதாக்குறைக்கு, ஹார்னின் கீழ் எல்லையை நெருங்க நெருங்க அது டிரைவரைத் தாங்கிப் பிடிப்பதையும் விட்டுவிடுகிறது. நாகஸ்வரத்தில் நான் கேட்டது அந்தத் திணறலை. 4430-இல் இந்தத் திணறல் இல்லை, ஏனென்றால் அதை யாரும் 500-இல் வெட்டவில்லை.

ஹார்னுக்குப் பேஃபிள் (முகப்புப் பலகை) வேண்டாம் என்பது இந்த வேதத்தின் அடுத்த சுலோகம். ஹார்னின் உதடு வெட்டவெளியில் சட்டென்று முடிந்தால் அலையின் ஒரு பகுதி தொண்டைக்கே திரும்புகிறது, இன்னொரு பகுதி விளிம்பில் சிதறுகிறது. உதட்டை முகப்புப் பலகையோடு சமமாகப் பதியுங்கள், இல்லையேல் நன்றாக உருட்டிப் பின்னால் மடக்குங்கள். 4430-இன் ஹார்ன் வூஃபரோடு ஒரே பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறது. வூஃபருக்கும் அகலமான முகப்பு வேண்டும். மீட்டரில் அளந்த அகலத்தால் 115-ஐ வகுத்தால் எங்கே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் ஒழுகத் தொடங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். கால் மீட்டர் அகல ஒல்லிப் பெட்டிக்கு 460. 500-இல் வெட்டுகிறவர் ஒல்லிப் பெட்டியும் செய்தால் இரண்டு வில்லங்கமும் ஒரே இடத்தில் விழும். ஒல்லியாக இருந்தால்தான் வரவேற்பறைக்கு அழகு என்ற மோகம் எத்தனை நல்ல வூஃபர்களைக் கெடுத்திருக்கிறது!

அழகுக்குத் தரும் காசாவது கண்ணுக்குத் தெரிகிறது. கிராஸ்ஓவரில் போடும் கெப்பாசிட்டருக்குக் கொட்டும் காசு? 8 ஓம் டிரைவருக்கு எளிய முதல்படி வெட்டு 1,000-இல் என்றால் 20 மைக்ரோஃபாரட் போதும், 500-க்கு 40 வேண்டும். தவறான இடத்தில் வெட்டுவதற்காக இரண்டு மடங்கு இறக்குமதிக் கெப்பாசிட்டர் வாங்குகிறார்கள். அந்தக் காசில் ஒலியை அளக்கும் மைக் ஒன்று வாங்கலாம். அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருவரும் வாங்க மாட்டார்கள். கேட்டால் "காதுதான் சார் அளவு" என்பார்கள். காது அளவென்றால் அன்றைக்கு நண்பர் வீட்டு அறையில் எத்தனை பேர் முகத்தைச் சுளித்தார்கள் என்று பார்த்திருக்க வேண்டாமா?

திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாயைக் கேட்டு வளர்ந்துவிட்டு ஹார்ன் இனத்துக்கே கத்தல் சுபாவம் என்று தீர்ப்பு எழுதுவதும் இந்தச் சோம்பலில் சேர்ந்ததே. அந்தக் குழாய் பேச்சை ஊர்க்கோடிவரை எறிவதற்காக, தகரத்தை உள்ளுக்குள் மடித்துச் செய்தது. வீட்டு ஹார்னுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தீர்ப்பை நம்பி நல்ல ஹார்ன்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். மனம் பதைக்கிறது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: வெட்டை 1,200-க்கு ஏற்றுங்கள். ஹார்னைப் பலகையில் பதியுங்கள். மைக்கை ஒரு மீட்டர் தள்ளி, நேராகவும் 45 டிகிரி ஒதுங்கியும் வைத்து அளங்கள். 90 டிகிரி ஹார்ன் அந்த ஓரத்தில் சுமார் 6 டெசிபெல் குறைந்து, வெட்டுப் புள்ளிவரை அதே வித்தியாசத்தில் வர வேண்டும். 500-இல் அது வருகிறதா என்று எனக்கு அளந்து காட்டிவிட்டு அப்புறம் குரலைப் பற்றிப் பேசுங்கள்.