பழைய ஆயில் எஞ்சின்களை எடைக்குப் போடலாமா?

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் கிணற்றுப் பாசனமுள்ள கிராமங்களிலும், ஸ்ரீரங்கம் தீவின் வாழை, வெற்றிலைத் தோட்டங்களிலும், ஓடு சரிந்த சிறு கொட்டகைகளை இன்றும் ஆங்காங்கே காணலாம். அவற்றினுள் இரண்டு பெரிய சக்கரங்களுடன், துருவும் தூசியும் படிந்து, ஓர் ஆயில் எஞ்சின் நிற்கும். பாகப்பிரிவினை வந்தபோதோ, கொட்டகையை இடிக்க நேர்ந்தபோதோதான் வீட்டாருக்கு அதன் நினைவு வருகிறது. அப்பொழுது பழைய இரும்பு வியாபாரி வந்து எடைபோட்டுக் கொண்டுபோகிறார். இவ்வாறு விற்றுவிடுவது பெரும் நஷ்டம் என்பதும், இவ்வெஞ்சின்களை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து ஆண்டுக்கொரு முறை சிறு கண்காட்சியாகக் காட்டவேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

இவற்றின் வரலாறு விவசாயிகள் அறியத்தக்கது. கவலையும் ஏற்றமும் ஒழிய நீரிறைக்க வேறு வழியில்லாத காலத்தில், மாடுகளின் பலத்துக்கு உட்பட்டே கிணற்றுச் சாகுபடி நடந்துவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் ஆயில் எஞ்சினையும் பம்பையும் கிணறுகளில் வைத்துச் சோதித்து, அவை பரவுவதற்குப் பெரிதும் முயன்றார். சீமையில் 1890-ல் ஆக்ராய்டு ஸ்டூவர்ட் உரிமம் பெற்ற முறையில் ஹார்ன்ஸ்பி கம்பெனியார் செய்த எஞ்சின்கள் முற்பட்டவை. ஊதுவிளக்கினால் அவற்றின் தலைப்பாகத்தைச் சில நிமிஷங்கள் காய்ச்சிய பிறகே அவை ஓடும். பின்பு, 1930-ஐ ஒட்டி லிஸ்டர் கம்பெனியார் காய்ச்ச வேண்டாத டீசல் எஞ்சினைக் கொணர்ந்தனர். அவ்வகையில் 6 குதிரைச் சக்தி எஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுற்றே சுற்றும். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு. பின்னாளில் ராஜ்கோட் முதலிய ஊர்களில் அதே மாதிரியில் எண்ணற்ற எஞ்சின்கள் வார்க்கப்பட்டன. சாத்தாராவில் கூப்பர் கம்பெனியாரும், 1946-ல் புனாவில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனியாரும் இந்தியாவிலேயே எஞ்சின் செய்து விற்றவர்கள்.

இவ்வளவு உதவிய யந்திரம் ஒதுக்கப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. மேட்டூர் அணை 1934-ல் கட்டிமுடிந்து, 1937-ல் அங்கே மின்னுற்பத்தி தொடங்கியது. அதன்பின் மின்கம்பிகள் படிப்படியாகக் கிராமங்களை எட்டின. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் கட்டணமின்றியே கிடைத்தது. நிலத்தடி நீர் இறங்கியது மற்றொரு காரணம். மேலே வைத்த பம்பு உறிஞ்சி எடுக்கக்கூடிய ஆழம் அநுபவத்தில் 20 முதல் 25 அடிதான். நீர் அதற்கும் கீழே போனபோது எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கியவர்கள் உண்டு. அதன் நச்சுப் புகை உயிருக்கே அபாயமானது. ஆழ்குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தபின் எஞ்சினுக்கு வேலை அற்றுப்போயிற்று. ஆகையால், மோட்டாரை விட்டுப் பழைய எஞ்சினுக்குத் திரும்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

"வேலைக்கு உதவாததைக் காட்சிக்கு வைத்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு மறுமொழி நமது ஊரிலேயே உள்ளது. 1928-ல் ஏற்பட்ட பொன்மலை ரயில்வே பணிமனையில், நீராவிக் காலம் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும், நீலகிரி மலை ரயிலுக்கென நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்திருக்கிறார்கள். செய்யும் கைகளும் அறிந்த மனமும் எஞ்சியிருந்ததால் அது முடிந்தது. ரயில் எஞ்சினுக்குள்ள மதிப்பில் பத்தில் ஒரு பங்காவது நமக்குச் சோறு விளைவித்த எஞ்சினுக்குக் கொடுக்கலாகாதா? இங்கிலாந்தில் சிற்றூர் மைதானங்களில் கயிறு கட்டி, பத்து இருபது பழைய எஞ்சின்களை வரிசையாக நிறுத்தி, நீரிறைத்தும் தானியம் அரைத்தும் மரம் அறுத்தும் காட்டுகிறார்கள். உடையவர்களே அருகில் அமர்ந்து, கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லுகிறார்கள். பெருஞ்செலவும் ஆடம்பரமும் அங்கே இல்லை.

இதில் உடனடியான பிரயோஜனமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா ஜில்லாக்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் பல நாள் மின்சாரமின்றித் தவித்தன. குடிநீர் ஏற்றக்கூட டீசல் யந்திரங்களைத் தேடவேண்டியதாயிற்று. அத்தகைய வேளையில் எஞ்சினைத் தட்டி எழுப்பத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பது நன்று. அப்படிப்பட்ட மெக்கானிக்குகள் பலர் முதுமை எய்திவிட்டனர். கையில் எடுத்துக் காட்டிக் கற்பிக்க வேண்டிய வித்தையைக் காகிதத்தில் எழுதி வைத்தால் போதாது.

கண்காட்சி எவ்வாறு அமையவேண்டும்? தை அறுவடை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நாள் போதும். லால்குடிப் பக்கம் குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருப்பதால், அதன் ஆசிரியர்களின் துணையைக் கோரலாம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பலகை வைத்து, எந்த ஊர், எந்தக் கிணறு, என்ன பயிர், எத்தனை ஆண்டு உழைத்தது என்று எழுதவேண்டும். எஞ்சினைச் சும்மா ஓட்டாமல், ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு நீர் இறைக்கச் செய்வது உத்தமம். 200 லிட்டர் பீப்பாய் 20 விநாடியில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 600 லிட்டர் என்று சிறுவர்களே கணக்கிடுவார்கள். எண்ணெய்ச் செலவையும் அளந்தால், தம் பம்பு சரியாக இறைக்கிறதா என்று சோதிக்கும் முறையைப் பெரியவர்களும் அறிந்துகொள்வார்கள்.

உடையவர்கள் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டும். இறுகிப்போன பிஸ்டனைச் சம்மட்டியால் அடிக்கலாகாது. மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் விட்டுப் பல நாள் ஊறவைக்க வேண்டும். பெயர்த் தகட்டையும் எண்ணையும் சாயம் பூசி மறைக்கலாகாது. சக்கரத்தில் விரிசல் இருந்தால் ஓட்டவே கூடாது. கைப்பிடியால் சுற்றுகையில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் அதுவே விரலைக் காக்கும். வேஷ்டி முனையும் சேலைத் தலைப்பும் பெல்ட்டில் சிக்காதபடி எட்டக் கயிறு கட்டுவது இன்றியமையாதது.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. முற்காலத்தில் கால்நடைக் கணக்கெடுப்போடு ஆயில் எஞ்சின்களையும் எண்ணினார்கள். அதுபோல ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை எஞ்சின்கள் எஞ்சியுள்ளன, யாரிடம் உள்ளன என்று ஒரு பட்டியல் எடுத்தால் முதற்படி முடிந்தது. பட்டியல் வருமுன் இரும்பு வியாபாரி வந்துவிட்டால் விவசாயிகள் என்ன செய்யவேண்டும்? ஓர் அறுவடை கழித்து வரும்படி அவரிடம் சொல்லட்டும். அதற்குள் கொட்டகையைத் திறந்து, அந்த யந்திரத்தை ஓட்டியறிந்த பெரியவரை அழைத்து, ஒரு முறை சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கட்டும்.