பயன் கருதாச் சவாரி

எதைச் செய்யினும் பயன் கருதியே செய்க என மாணவர்க்கு நாளும் போதிப்பவர் நாம். அத்தகைய நாமே பயனற்ற ஒரு செயலின் பெருமையைப் பேச இம்மலரில் இடம் கேட்டோம் என்றால் நம்மோடு பயின்றோர் நகைப்பர். நகைக்கட்டும்; பின்னர் சிந்திக்கட்டும்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திலர். எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்றனர். பாடசாலைகளும் சில வாரங்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது, தாழ்வாரத்தில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிளைத் துடைத்தெடுத்துக் கடமைக்குச் சென்றோம். அன்று அது வெறுந் தேவை. காற்சட்டை நுனியில் எண்ணெய்க் கறையும் முழங்காலில் நோவுமே கண்ட மிச்சம்.

ஒருநாள் பிற்பகல், வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாது நேரே சென்றுவிட்டோம். காரணம் இன்றும் அறியோம். முத்துமாரியம்மன் கோபுரத்தைக் கடந்து, யாழ்ப்பாண வீதியில் வடக்கு நோக்கிச் சென்றோம். வழியில் ஓர் இறக்கம். மிதிப்பதை நிறுத்தினோம், சில்லுகள் தாமே உருண்டன, மிளகும் ஏலமும் மணக்கும் காற்று முகத்தில் அடித்தது. பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதித்துப் பழகிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் நம்முள் இன்னும் இருக்கக் கண்டோம்!

அலுவிகாரைப் பாறையடியில் இறங்கினோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதாக வரலாறு கூறும் இடம் அது. மாணவரைப் பன்முறை அங்கு அழைத்துச் சென்று குறிப்பெழுதச் செய்திருக்கின்றோம். அன்றுதான் ஒன்றும் எழுதாது அந்நிழலில் இருந்தோம்.

எரிபொருள் தாராளமாய்க் கிடைக்கும் இந்நாளிலும் அச்சவாரியை விட்டிலோம்.

இது வீண்பொழுது என்பார்க்கு ஒரு செய்தி. 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரயரை ஆக்கியது, தம் சிறு மகனின் முச்சில்லு வண்டி குலுங்காது ஓடுதற்காகவே. ரயர் பெருகவே உலகெங்கும் றப்பரின் தேவையும் பெருகிற்று. நம் மாத்தளை மலைச்சரிவுகளில் நிற்கும் றப்பர் மரங்களும் ஒரு பிள்ளையின் விளையாட்டுக்கு ஓரளவு கடன்பட்டவையே.

நம் பிள்ளைகளுக்கோ விளையாட நேரமில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் தொட்டு உயர்தரம் வரை, அவர்தம் சைக்கிள் ஒரு ரியூசன் வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கே ஓடுகின்றது. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. சனிக்கிழமைப் பிற்பகலையும் மேலதிக வகுப்பால் நிரப்பியவர் நாமே. இவ்வாண்டு அதனை நிறுத்திவிட்டோம். பெற்றோர் சிலர் வருந்தினர். அவர் அச்சம் நியாயமானதே. வறிய வீட்டுக்குப் பரீட்சையே ஏணி என்பதை நாமும் அறிவோம். பெறுபேறு குறையின் பழி நமதேயாகுக. எனினும், தானாக ஒரு திருப்பத்தைத் தேர்ந்தறியாத பிள்ளை, ஏணியின் உச்சியில் நின்று எத்திசை நோக்குவான்?

பழைய மாணவ நண்பர்களே! விழாவுக்கு வரும்போது ஒரு மாலையை ஒதுக்குங்கள். கல்லூரி வாயிலிலிருந்து, போகுமிடம் வகுக்காது புறப்படுங்கள். புறப்படுமுன் காற்றையும் பிறேக்கையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வயது பன்னிரண்டன்று.