செல்வத்தில் கெட்ட பிள்ளை

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டுகிறார்கள். அது தாயமும் அன்று, சூதும் அன்று. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர். துணிந்த காரியம் கைகூடுமா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். கூத்தும் கதையும் தாயமும் கலந்த ஒன்று என்றால் பாட்டிமார்களுக்கும் விளங்கிவிடும்.

கதை நடத்தும் பிள்ளைகள் விரும்பிப் படைப்பது, செல்வச் செருக்கில் கெட்டுப்போன இளைஞனை வில்லனாக. படைத்ததும் அவனுக்குப் பத்து விரலிலும் மோதிரம் பூட்டி, உரக்கச் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். அச்சிரிப்பு இரண்டாம் வாரமே சலித்துவிடும்.

இதற்கு நம்மிடம் துரியோதனனைக் காட்டிலும் சிறந்த பாடம் இல்லை. அவன் ஏன் அப்படி ஆனான்? திருதராட்டிரன் கண்ணில்லாதவன் என்பதனால் மட்டுமன்று. மகன் கேட்டதை மறுக்க நெஞ்சில்லாதவன் என்பதனால். ஆகவே வில்லனை எழுதுமுன் அவனுக்கு 'இல்லை' என்று ஒருநாளும் சொல்லாத தகப்பனை எழுத வேண்டும். அடுத்தது, சூதாட்ட மண்டபத்தில் துரியோதனன் பகடையைத் தொடவில்லை. மாமன் சகுனியே அவனுக்காக உருட்டினான். செல்வத்தில் கெட்டவன் தன் கையால் எதையும் செய்வதில்லை. அவனுக்குக் காரியஸ்தர் உண்டு, வண்டியோட்டி உண்டு, கடன்பட்ட நண்பர்கள் உண்டு. மூன்றாவதாக, கர்ணனுக்கு அங்க நாட்டைக் கொடுத்த கையும் அதே துரியோதனன் கைதான். அந்த ஒரு நன்மை இல்லாவிடில் அவன் வெறும் வைக்கோற் பொம்மையே.

இந்த ஆட்டத்தில் பாத்திரத்திற்கு வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என ஆறு தன்மைகள் உண்டு. ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டினால் 3 முதல் 18 வரை மதிப்பு விழும். நம் வில்லனுக்கு அறிவைக் குறைக்க வேண்டாம்; நல்ல ஆசிரியர்களைத் தகப்பன் அமர்த்தியிருப்பான். கவர்ச்சி 16 இருக்கட்டும். விவேகம் 5 போதும்.

அவன் செய்யும் கொடுமை பெரிதாயிருக்க வேண்டுமென்பதில்லை. பிறந்தநாளன்று படகில் உலாவ வேண்டுமென்று ஆற்றுத்துறையை மூடச் சொல்கிறான். அக்கரை வைத்தியரிடம் பேரனைத் தூக்கிச் செல்லவேண்டிய கிழவி கரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் அங்கிருப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. பயணச்சீட்டு அறைச் சாளரத்தின் பின்னிருந்து பார்ப்பவனுக்கு இந்த வகை மனிதர் புதியவரல்லர். அவர் வரிசையை மீறுவதில்லை. வரிசை என்று ஒன்று இருப்பதையே அறியாமல் நேரே வந்து நிற்பார். கோபங்கூட வராது. வியப்புத்தான் வரும்.

1954-இல் வெளிவந்த 'இரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதா ஏற்ற மோகனசுந்தரத்தையும் பிள்ளைகள் பார்க்கலாம். சீமையிலிருந்து திரும்பிய அந்தப் பணக்காரன் தாயையும் மனைவியையும் புறக்கணிப்பவன். எனினும் அவன் வாயைத் திறந்தால் அரங்கம் சிரிக்கும். கெட்டவனோடு சேர்ந்து சிரித்துவிட்டோமே என்று பிறகு கூசுகிறோம் அல்லவா, மேசையிலும் அந்தக் கூச்சம் வரவேண்டும்.

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள், பணக்கார வில்லன் என்றதும் தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் சேட்டின் பேச்சையும் உடையையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மேசையைச் சுற்றி இருப்பவர் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகளல்லர். அந்தச் சேட்டின் பேரனும் அங்கே பகடையோடு அமர்ந்திருக்கலாம். 1968-இல் வந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் மஹ்மூத் தென்னாட்டுச் சங்கீத வாத்தியாராக நடித்து, நம்மவர் இந்தி பேசும் தோரணையைக் கொண்டே நாட்டைச் சிரிக்க வைத்தார். அதன்பின் பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலில் அழைக்கப்பட்டவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள். வில்லனுக்குச் சாதியும் ஊரும் வேண்டாம். தகப்பனும் காரியஸ்தரும் போதும்.

அவனை முதல் நாளே வாளால் வெட்ட விடலாகாது. வெட்டினால் கதை முடிந்தது. தகப்பன் பெயர் அவனைக் காக்கட்டும். வீரர்கள் வண்டியோட்டியின் பழைய கடனை அடைக்கட்டும், காரியஸ்தரின் மகளுக்கு வேறிடத்தில் வேலை தேடித் தரட்டும். ஒவ்வொருவராய் விலகிப் போனபின் ஒருநாள் ஆற்றுத்துறையில் அவன் தனியே நிற்பான். படகுக்காரன் வரமாட்டேன் என்பான். அப்பொழுது கதை நடத்துபவர் பகடையை எடுத்து அவனுக்காக முதன்முறை உருட்டலாம். இருபது விழுந்தாலும், அதற்குமேல் எண் இல்லையா என்று அவன் கேட்பான்.