மதிப்பு இல்லை என்று எழுதிய மரக்குவளை

எங்கள் ஊரில் சைகோன் தொடர்புள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்பாவோ தாத்தாவோ அங்கே பிரெஞ்சு அரசாங்க வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த சாமான் ஒன்றிரண்டு அலமாரியில் கிடக்கும். சிப்பி பதித்த பெட்டி, அரக்குத் தட்டு, பீங்கான் குடுவை, சீனர்கள் செதுக்கிய மரச்சாமான். அந்த மரச்சாமானைக் காட்டி "இது அகில்" என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இப்போது வியாபாரிகள் வீடு தேடி வந்து அதைக் கேட்கிறார்கள். தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கிறார்கள். இந்த மூன்றையும் நம்பி அகில் சாமானை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்பது என் கருத்து. நான் இரண்டு பக்கமும் ஏமாந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். அகிலுக்கு அந்த மொழியில் "புவா தெக்ல்" என்று பெயர். கழுகு மரம் என்று பொருள். மரத்துக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, அதன் கிளையில் கழுகு கூடு கட்டும் என்றார் ஆசிரியர். வெகு காலம் அதை நம்பினேன். உண்மையில் அது நம் சொல். போர்த்துகீசியர்கள் இந்தக் கடற்கரைகளில் அகில் என்று கேட்டதை "அகிலா" என்று எழுதிக்கொண்டார்கள். லத்தீனில் கழுகைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். அகில் பறந்துபோய்க் கழுகாகிவிட்டது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் 1783இல் இந்த மர இனத்துக்கு அக்விலேரியா என்று பெயர் வைத்தபோது அந்தக் கழுகு நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. பொருளோடு சேர்ந்து வரும் கதையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்தப் பெயரே முதல் பாடம்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நல்ல ஆரோக்கியமான அகில் மரம் வெளுப்பானது, லேசானது, வாசனை இல்லாதது. காயம் பட்டு உள்ளே பூஞ்சை புகும்போது மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிய இடம் கறுத்து, கனத்து, மணக்கிறது. பிசின் மிகுந்த கட்டை தண்ணீரில் மூழ்கும். அதனால்தான் சீனர்கள் இதைச் "சென்ஷியாங்" என்கிறார்கள். மூழ்கும் நறுமணம் என்று அர்த்தம்.

11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைனான் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த கவிஞர் சூ ஷி, தம்பி சூ செவின் பிறந்தநாளுக்கு மலை வடிவத்தில் இருந்த ஓர் அகில் கட்டையை அனுப்பிவைத்தார், கூடவே ஒரு பாடலும் எழுதினார். இது படித்ததிலிருந்து எனக்கும் ஒரு அகில் மலை வேண்டும் என்று ஆசை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பாறை, பைன் மரம், சின்ன மண்டபம் எல்லாம் செதுக்கிய ஒரு சாண் உயர மலை. வியாபாரி என் கண் முன்னால் தண்ணீர் வாளியில் போட்டார், மூழ்கியது. சுட்ட ஊசி வைத்தார், புகை மணத்தது. அறை முழுக்க வாசனை. முத்திரை போட்ட சான்றிதழும் கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் நான். முத்திரை இருப்பதற்கும் விஷயம் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது.

ஒரு கோடை கழிந்தது. கீழே விரித்திருந்த துணியில் எண்ணெய்க் கறை. அடுத்த வருடம் வாசனை பாதிக்குமேல் போய்விட்டது. அடிப்பாகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மரமூடி. நெம்பி எடுத்தால் உள்ளே ஈயம்.

பாருங்கள், மூன்று சோதனையிலும் அது தேறியது. ஈயம் வைத்தால் எந்த மரமும் மூழ்கும். வாசனை எண்ணெயில் ஊறவைத்தால் எந்த மரமும் மணக்கும். அந்த எண்ணெயைத்தான் ஊசியும் சுடுகிறது. அதோடு, குத்திய இடத்தில் ஒரு கரும்புள்ளி காலத்துக்கும் நிற்கும். பழைய உண்மையான சாமானோ சாதாரணச் சூட்டில் அவ்வளவாக மணக்காது. கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் மெலிதாக வரும், சூடு பட்டால்தான் எழும். அறைக்குள் நுழைந்ததுமே வாசனை வந்து வரவேற்றால் சந்தேகப்படுங்கள்.

பின்னே எப்படித்தான் பார்ப்பது? கேள்வியை மூன்றாகப் பிரிக்கவேண்டும். மரம் எது, பிசின் உண்டா, செதுக்கிய கை யாருடையது. ஒன்றுக்கு மற்றது சாட்சி ஆகாது.

மரத்தை நுண்ணோக்கிதான் சொல்லும். அகில் இனத்தில் மரத்திசுவுக்கு நடுவே பட்டையின் திசு தீவு தீவாகச் சிதறிக் கிடக்கும். உதிர்ந்த துணுக்கு ஒன்று இருந்தால் ஆய்வகத்தில் பார்த்துவிடுவார்கள். ஆனால் அது அகில் என்று மட்டும் சொல்லுமே தவிர, எந்தக் காலத்தது, எங்கே செதுக்கியது என்று சொல்லாது. பிசினைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். இயற்கைப் பிசின் ஒழுங்கில்லாமல் ஓடும். ஓரிடத்தில் கறுப்பு, பக்கத்திலேயே வெளுப்பு. சாயமும் எண்ணெயும் ஏற்றியது எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருக்கும்.

கை என்பதுதான் ரசனை. அகிலில் பிசின் உள்ள இடமும் இல்லாத இடமும் உளிக்கு ஒரே மாதிரி இடம் கொடுக்காது. அதனால் பழைய சீனக் கைவினைஞர்கள் இதில் மயிரிழை நுணுக்கம் தேடவில்லை. கட்டையின் மேடு பள்ளத்தையே பாறையாகவும் மேகமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். கை பட்டுப் பட்டு மேடுகள் மழுங்கிப் பளபளக்கும், பள்ளங்களில் பழைய அழுக்கு தங்கும். இயந்திரம் செதுக்கியதில் பள்ளமெல்லாம் ஒரே ஆழம், ஒரே வளைவு.

இன்னொன்று, சீன அகில் சிற்பம் என்றால் மரமும் சீன மரம் என்று அர்த்தமில்லை. ஹைனானிலும் குவாங்தோங்கிலும் அகில் உண்டுதான். ஆனால் கப்பலில் வந்ததும் ஏராளம். 1225இல் ஜாவ் ரூகுவா என்ற சுங்க அதிகாரி எழுதிய நூலில் கம்போடிய அகிலுக்கு முதலிடம், இன்றைய மத்திய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டு அகிலுக்கு அடுத்த இடம் என்று தரம் பிரித்திருக்கிறார். அவரும் நம்மைப்போல் அரசாங்க ஊழியர்தான். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தனியாகக் குறித்துவைத்தார்.

இனி என் இரண்டாவது ஏமாற்றம். இதில் ஏமாற்றியவன் நான்.

அப்பா 1955இல் சைகோனிலிருந்து திரும்பியபோது, அங்கே சோலோன் என்ற சீனர் பகுதியில் வாங்கிய தூரிகைக் குவளை ஒன்றைக் கொண்டுவந்தார். சீனப் படிப்பாளிகள் மேசையில் தூரிகை போட்டுவைக்கும் குவளை. பாறைகளுக்கு நடுவே ஒரு கிழவர் பாலம் கடக்கிறார், பின்னால் ஒரு பையன். அம்மா அதில் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் வைத்திருந்தார். அகில் என்று அப்பா சொன்னதை நான் நம்பவில்லை. காரணம், அது முழு மரம் இல்லை. சுற்றிலும் ஒட்டுகள், உள்ளே வேறு மரம். வாசனையும் இல்லை.

1996இல் பாகப்பிரிவினை நடந்தபோது சாமான் பட்டியலை நான்தான் எழுதினேன். சுவர்க்கடிகாரமும் ஈட்டி மேசையும் என் பங்குக்கு வந்தன. குவளை தங்கைக்கு. அதன் எதிரே, "ஒட்டு மரம், சேதம், மதிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை.

ஈயத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கலையைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். நல்ல பிசின் உள்ள அகில் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். குவளை, கிண்ணம் போன்ற பெரிய சாமான்களைப் பல துண்டுகளை இணைத்தே செய்தார்கள், உள்ளே வேறு மரமோ வெள்ளித் தகடோ வைத்தார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் குறை என்று எழுதியது குறையே இல்லை. குவளையின் வெளிப்பக்கத்திலிருந்து எப்போதோ உதிர்ந்த துணுக்கைத் தங்கை தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். அதைப் பெங்களூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அக்விலேரியா என்று பதில் வந்தது. காலமும் கைவினைஞரும் இன்னும் கேள்விதான். மரம் பற்றி அப்பா சொன்னது சரி.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பொருளின் உண்மையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அதை உரியவரிடம் மறைப்பவனுக்கும், ஈயம் வைத்தவனுக்கும் என்ன வித்தியாசம்? பட்டியலை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே, "அகில்னு அப்பா சொன்னாரே அண்ணே. நீங்கதானே இல்லைன்னீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்தக் கடிகாரத்தைக் குடுத்துடுங்க" என்றாள்.

பட்டியலில் அந்த வரியை அடித்து, திருத்தி, தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். மறுநாளே கடிகாரம் போய்விட்டது.

சைகோன் சாமான் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், ஊசி வைக்க விடாதீர்கள். உதிர்ந்த துணுக்கைக் குப்பையில் போடாதீர்கள். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவதானால் முதலில் அனுமதி பற்றி விசாரியுங்கள். 2004இல் எல்லா அக்விலேரியா இனங்களையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் பாகம் பிரிப்பதானால், மதிப்பு தெரியாத சாமானுக்கு எதிரே "தெரியாது" என்று எழுதுங்கள். "இல்லை" என்று எழுதாதீர்கள்.