மருந்துக்கு ஒரு பேர்

நோயாளி வைத்தியர் சொற்படி நடப்பதற்குப் பணம் கொடுக்கலாமா என்னும் கேள்வி நம் நேயர்களிற் பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். உயிர் அவருடையது, மருந்தும் இலவசம். அதற்குமேற் சன்மானமும் வேண்டுமோ என்பர். மஸ்கெலியாத் தோட்டங்களை அறிந்தோர் அவ்வாறு கேளார். மலைப்பாதையில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, மாத்திரையோடு லயம் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அன்று கொழுந்து பறிக்கவில்லை. ஆகையால் செக்ரோலில் 'பேர்' விழவில்லை. இலவச மருந்தின் விலை ஒரு நாட் சம்பளம்!

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் இடைவிடாது மருந்து உட்கொள்ள வேண்டும். இரண்டொரு மாதத்திலேயே இருமல் தணிந்து உடம்பு தேறிவிட்டது போலிருக்கும். பலர் மருந்தை நிறுத்திவிடுவது அப்பொழுதுதான். எஞ்சிய கிருமிகளோ மருந்துக்கு அடங்காதனவாக மாறி, அடுத்த காம்பராவிலுள்ள குழந்தைக்கும் தொற்றக்கூடும். இந்திய அரசு 2018 ஏப்ரல் முதல் காசநோயாளருக்குச் சத்துணவின் பொருட்டு மாதம் 500 இந்திய ரூபா வழங்கலாயிற்று. 2024 நவம்பரில் அதனை 1,000 ஆக உயர்த்தியது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அமைந்த மகப்பேற்று உதவி, 2011-இல் 12,000 ரூபாவாக உயர்ந்தபோது மூன்று தவணையாக வகுக்கப்பட்டது: கர்ப்பகாலப் பரிசோதனைக்கு ஒன்று, அரசாங்க ஆஸ்பத்திரியிற் பிரசவித்தலுக்கு ஒன்று, குழந்தையின் தடுப்பூசிக்கு ஒன்று. சமர்த்தான ஏற்பாடுதான்.

ஆயினும் மலையகத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1980-இல் இலங்கை அரசு, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அத்தொகை 500 ரூபா வரை உயர்ந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அரிசிப் பானை காலியாயிருக்கும் வீட்டில், பின்வாங்க முடியாத ஒரு சிகிச்சைக்கு அவள் தலையசைத்தாள் என்றால், அதனைச் சம்மதம் என்று எங்ஙனம் சொல்வது? நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களிலேயே இச்சிகிச்சை மிகுதியாக நடந்தது என்பதை எண்ணும்போது நம் மனம் சஞ்சலமடைகிறது.

இரண்டும் பணந்தான். ஆனால் ஒன்று, இழந்த கூலிக்கு ஈடு. மற்றது, ஏழையின் முடிவையே விலைக்கு வாங்குவது. முன்னதையே நாம் ஆதரிக்கிறோம். அதற்குப் புதிய திட்டங்கூட வேண்டியதில்லை. கிளினிக் அட்டையிற் கையொப்பம் பெற்று வருபவருக்கு அன்றைய பேரைத் தோட்டத்து நிருவாகம் போட்டுக் கொடுக்கட்டும். அரைப்பேர் அன்று, முழுப்பேர்.