கல் சுமந்தவனின் பெயர் என்ன?

ஜோர்ஜ் மார்ட்டின் 1996 இல் தொடங்கிய நாவல் வரிசையும், 2011 முதல் 2019 வரை ஓடிய அதன் தொலைக்காட்சித் தொடரும் நிலப்பிரபுத்துவத்தின் முகமூடியைக் கிழித்தெறிந்தன என்பர் நம் நண்பர் சிலர். ஸ்டார்க், லானிஸ்டர் குலங்களின் பகையிலே, 1455 இல் இங்கிலாந்தில் மூண்ட ரோசாப்பூப் போர்களின் சாயலையும் காட்டுவர். சாயல் உண்டு, நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஹாரன்ஹால் கோட்டையைப் பாருங்கள். அதைக் கட்டி முடிக்க நாற்பது ஆண்டுகள் சென்றன. கல்லுடைத்தும் கல்லிழுத்தும் ஆயிரமாயிரம் அடிமைகள் மாண்டனர். கதை இதனை ஒளிக்கவில்லை. சொல்லிவிட்டு அப்பால் நகர்கிறது, அவ்வளவே. கட்டுவித்த ஹாரனின் பெயர் கோட்டைக்கு நிலைத்தது. அவன் தீயில் வெந்த கதையும் நிலைத்தது. கல் சுமந்தவனுக்கோ பெயரில்லை. கற்பனைதானே என்பீர்கள். அக்கோட்டையை எரித்த பறக்கும் நாகத்துக்குப் 'பலேரியன்' என்று பெயர் சூட்ட நேரங்கண்ட கற்பனை ஐயா அது!

தொடரின் இறுதியில் அரசனைத் தெரிவுசெய்யப் பிரபுக்கள் கூடுகின்றனர். குடிமக்களையும் கேட்போமே என்கிறான் சாம்வெல். சபை நகைக்கிறது, நாய்களுக்கும் வாக்களிக்கலாமே என்கிறான் ஒரு பிரபு. கதை முழுவதிலும் உண்மை பேசிய இடம் இதுவே என்போம். நம் மாணவரோ எக்குலம் வென்றது என்று இன்னும் வாதாடுகின்றனர்.