பைத்தானா, சி ப்ளஸ் ப்ளஸ்ஸா... பிள்ளைகளுக்கு முதல்ல எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததுமே 'கோடிங் கிளாஸ்' விளம்பரங்கள் போனில் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். ஒருவர் பைத்தான் என்பார், இன்னொருவர் ஜாவா என்பார். இன்ஜினீயரிங் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டால், "சி-தான் அடிப்படை, அது தெரியாம எதுவும் வராது" என்பார். ஃபீஸ் கட்டப்போகும் அப்பா, அம்மாவுக்குத் தலை சுற்றும்.

எல்லோரும் 'எதுக்கு வேலை கிடைக்கும்' என்ற கணக்கில் பேசுகிறார்கள். ஆனால், உங்கள் பிள்ளை வேலைக்குப் போகும் வருடத்தில் எந்த மொழிக்கு மவுசு இருக்கும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. அதேசமயம், முதல் மாதத்திலேயே 'இது நமக்கு வராது' என்று பிள்ளை முடிவு செய்துவிட்டால், அந்த எண்ணத்தை மாற்றுவது கஷ்டம். அதனால், எழுதியது வேலை செய்வதை எவ்வளவு சீக்கிரம் கண்ணால் பார்க்க முடிகிறது? முதல் மொழிக்கு இதுதான் அளவுகோல்.

ஏழாம் வாய்ப்பாடு டெஸ்ட்

ஏழாம் வாய்ப்பாட்டைத் திரையில் வரவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் இரண்டே வரி. '1 முதல் 10 வரை ஒவ்வொன்றாக எடு' என்பது முதல் வரி. 'ஏழால் பெருக்கிக் காட்டு' என்பது இரண்டாவது.

சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் இந்த வேலைக்கு முன்னால் ஹெட்டர் ஃபைல், மெயின் ஃபங்ஷன், அடைப்புக்குறிகள் எல்லாம் வேண்டும். பிறகு கம்பைல் செய்ய வேண்டும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் அதுவும் நடக்காது. 'இதெல்லாம் எதுக்கு சார்?' என்று கேட்டால், 'இப்போதைக்கு அப்படியே எழுதிக்கோ, பின்னாடி புரியும்' என்பார்கள். மனப்பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்களுக்கு 11-ம் வகுப்பில் சி ப்ளஸ் ப்ளஸ், 12-ம் வகுப்பில் பைத்தான். கடினமானது முதலில் வருகிறது. சி ப்ளஸ் ப்ளஸ் மோசமான மொழி இல்லை. கம்ப்யூட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை அது நன்றாகவே கற்றுத்தரும். ஆனால், இரண்டாவதாகப் படிக்க ஏற்ற மொழி. பாட வரிசையை நம்மால் மாற்ற முடியாது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு மாதம் பைத்தான் பழகலாமே! 'லூப்', 'இஃப்' என்றால் என்னவென்று புரிந்துவிட்டால், ப்ளஸ் ஒன்னில் எழுதும் முறையை மட்டும் புதிதாகக் கற்றால் போதும்.

எந்த வயதுக்கு எது?

5 முதல் 7 வயதுக்கு 'ஸ்கிராட்ச் ஜூனியர்'. அதன்பிறகு 'ஸ்கிராட்ச்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, இலவசம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். இழுத்து ஒட்டினால் திரையில் பூனை நடக்கும். பொருந்தாத கட்டை ஒட்டாது. எழுத்துப்பிழை என்ற பேச்சே இல்லை.

12, 13 வயதில் பைத்தானுக்கு வரலாம். இதை உருவாக்கிய கைடோ வான் ராசம், அதற்கு முன் 'ஏ.பி.சி' என்ற மொழியை உருவாக்கும் குழுவில் இருந்தவர். ஏ.பி.சி, புதிதாகக் கற்பவர்களை மனதில் வைத்து உருவான மொழி. அதன் எளிமை 1991-ல் வெளியான பைத்தானிலும் வந்துவிட்டது.

ஆங்கிலம் பயமுறுத்துகிறதா?

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு உண்மையான தடை, சிவப்பு எழுத்தில் வரும் ஆங்கிலப் பிழைச் செய்திகள்தான். ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். 'சின்டாக்ஸ் எரர்' என்றால் எழுதிய முறை தப்பு. 'நேம் எரர்' என்றால் இந்தப் பெயர் எனக்குத் தெரியாது. 'இண்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சரியில்லை. ஆரம்பத்தில் அடிக்கடி வருபவை இவைதான்.

இன்னொரு வசதி, பைத்தான் 3-ல் 'மதிப்பெண்', 'வயது' என்று பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கட்டளைகளே தமிழில் இருக்கும் 'எழில்' என்ற மொழியையும் முத்தையா அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். லேப்டாப் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு போனிலேயே பைத்தான் எழுதிப் பார்க்கும் ஆப்கள் இருக்கின்றன. சின்னச் சின்னப் பயிற்சிகளுக்கு அது போதும்.

கிளாஸில் சேர்த்து இரண்டு வாரம் ஆனதும் ஒன்று செய்து பாருங்கள். 'ஏழாம் வாய்ப்பாட்டை எட்டாம் வாய்ப்பாடா மாத்திக் காட்டு கண்ணு' என்று கேளுங்கள். தானே யோசித்து மாற்றினால் கிளாஸ் சரியாகப் போகிறது. நோட்டைப் புரட்டித் தேடினால், அடுத்த மாத ஃபீஸ் கட்டுவதற்கு முன் அந்த ஆசிரியரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.